வயலில் கேட்ட வண்டுச் சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மாரிகாலம். டென்மார்க்கின் ஒடென்சே நகரத்தில் காது கேட்கும் கருவிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே குனிந்து, தலைமயிர் தடிப்புக் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். பக்கத்து மேசையில் ஒரு உக்ரைன்காரி. சண்டை தொடங்கிய பிறகு அகதியாக வந்தவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். இருவருக்கும் டெனிஷ் அரைகுறை என்பதாலேயே நன்றாக ஒத்துப்போனது. பிழையாகக் கதைத்தாலும் திருத்த ஆளில்லை, பாருங்கள்.

அவளுக்கு ஒரே மகன். அங்கே போர்முனையில் நின்றான். வேலைக்கு வந்ததும் முதலில் போனைத்தான் பார்ப்பாள். மகன் ஒரு சொல்லாவது எழுதியிருந்தால் அன்றைக்கு முகமே வேறு. எழுதாத நாட்களில் நானும் அவளிடம் வாய் கொடுக்கமாட்டேன். அவன் உயிரோடு வரவேண்டும், அவளுக்கு உலகத்தில் வேறு ஒரு தேவையும் இருக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சனிக்கிழமைகளில் தன்னோடு ஓரிடத்துக்கு வர ஏலுமா என்று கேட்டாள். நகரத்துக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு தச்சுப் பட்டறையில் சிலர் கூடி, அவளுடைய நாட்டுப் படைவீரர்களுக்கு ட்ரோன் செய்கிறார்களாம். பற்றவைக்கப் பழகிய கைகள் போதவில்லையாம். மகனுடைய அணிக்கும் அங்கிருந்துதான் போகிறதாம். மகன் பேரைச் சொன்ன பிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

வீட்டில் சொன்னேன். என் கணவர் தொண்ணூறுகளிலேயே டென்மார்க் வந்துவிட்டவர். இலங்கையில் எங்கள் சண்டையின் கடைசிக் காலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவர். "நல்ல விசயம்தானே, போயிட்டு வாருமன். எங்களுக்கு ஆர் இப்பிடிச் செய்து தந்தவை?" என்றார். மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே டெனிஷில் அம்மா பெரிய ஆள்தான் என்று நக்கலடித்தாள்.

எனக்கு ட்ரோன் என்றால் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானால் வைக்கிற எங்கள் சாமத்தியவீடுகளில் தலைக்கு மேலால் பறந்து படமெடுக்கிற சாமான்தான். மேளச் சத்தத்துக்குள் அது போடுகிற சத்தம் யாருக்குக் கேட்டது?

பட்டறையில் ஏழெட்டுப் பேர். ஓய்வு பெற்றவர்கள், ஒரு தாதி, சைக்கிள் திருத்துகிற ஒருவர். டெனிஷ்காரர் எதைச் செய்தாலும் நடுவில் ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் செய்யமாட்டார்கள். அங்கும் அப்படித்தான். நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவேன். உறைப்பில் கண் கலங்கக் கலங்கச் சாப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை அவள் மகனை வீடியோவில் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். தாடிகூட ஒழுங்காக முளைக்காத பெடியன். கையசைத்தான். ரோல்ஸைக் காட்டினேன். சண்டை முடிந்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொன்னானாம். அவள் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பட்டறைக்குள் ட்ரோனுக்கு விசிறி பூட்டமாட்டார்கள். ஆட்களின் கையை வெட்டிவிடும். மோட்டார் சுற்றுகிறதா என்று மட்டும் மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் நான் பற்றவைத்த சாமான் பறப்பதை அதுவரை நான் பார்க்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை, பறக்கவிட்டுச் சோதிக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். வழக்கம்போல இருவரும் அவளுடைய காரில் சேர்ந்தே போனோம். அறுவடை முடிந்த பீட்ரூட் வயல். காலெல்லாம் சேறு. சைக்கிள் திருத்துகிறவர் கண்ணில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு ட்ரோனை எழுப்பினார். தூரப் போய்த் திரும்பி எங்கள் பக்கம் வந்தது.

அந்தச் சத்தம்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது தலைக்கு மேலே சுற்றுகிற ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டு சுற்றினால் பின்னால் பீரங்கி ஷெல் வரும். அது வேறு சத்தம், இது வேறு சத்தம் என்று இன்றைக்கு ஆறுதலாக இருந்து எழுதலாம். அன்றைக்கு என் ஈரக்குலை அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயலோரத்துக் கானுக்குள், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள், பாய்ந்தேன். குப்புறத் தள்ளினேன். என் கழுத்துச் சால்வையை உருவி அவளுடைய பற்களுக்கு இடையில் அடைத்தேன். ஷெல் விழும்போது பல்லுக்குள் துணியைக் கடிக்கவேண்டும், காதைப் பொத்தவேண்டும், நெஞ்சு நிலத்தில் முட்டக்கூடாது. எங்கள் பள்ளிக்கூடங்களில் வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சொல்லித் தந்தது இது. "கடி, விடாத, கடி" என்று தமிழில் கத்தினேன் போலிருக்கிறது.

மற்றவர்கள் ஓடிவந்தார்கள். ட்ரோன் எப்போதோ இறங்கியிருந்தது. திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன். என் தம்பி கஞ்சிக்கு வரிசையில் நின்றவன். வண்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. வரிசையை விட்டால் அன்றைக்குச் சாப்பாடில்லை என்று யாரும் அசையவில்லை. அவனும் அசையவில்லை. பிறகு ஷெல் விழுந்தது.

அவள் சேறு அப்பிய முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "இனி நீ வராதே. நான் கோவிக்க மாட்டன்," என்றாள்.

நான் போனேன். அடுத்த சனியும் அதற்கடுத்த சனியும் போனேன். எதைச் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டே போனேன். இது குண்டோடு போய் நிற்கிற இடத்தில் கீழே யாரோ நிற்பான், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று தெரியும். ஆனால் எனக்குக் கையசைத்தவன் இவளுடைய மகன். அவன் தலைக்கு மேலேயும் யாரோ பற்றவைத்தது சுற்றிக்கொண்டுதானே இருந்தது. இதில் சரி எது, பிழை எது என்று யோசித்தால் விசர் பிடிக்கும். யோசிக்காமல் பற்றவைத்தேன்.

மாரி முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை அவளுடைய மேசை வெறுமையாக இருந்தது. மேற்பார்வையாளர் வந்து காதோடு சொன்னார். மகன் போய்விட்டான். எதிர்ப்பக்கத்து ட்ரோன்.

வேலை முடிய அவளுடைய வீட்டுக்குப் போனேன். எங்கள் செத்தவீடு என்றால் வாசலிலேயே கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்போம். அவள் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, தேத்தண்ணி வைத்தாள். அழவில்லை. சும்மா பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. அப்போதுதான் கேட்டாள்.

"உனக்குத் தெரியும். அது வாறது அவனுக்குக் கேட்டிருக்குமா?"

"இல்லை. கேட்டிருக்காது. சட்டென்று வரும். ஒண்டும் தெரியாது," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கானுக்குள் என் பக்கத்தில் கிடந்தவள் அல்லவா. எவ்வளவு தூரத்தில் வரும்போதே எனக்குக் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். தம்பி வரிசையில் நின்ற கதையையும் கேட்டவள். என் கையைத் தட்டி, "தக்" என்றாள். டெனிஷில் நன்றி. அப்போதுதான் அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். என் தம்பிக்கு அழாமல் விட்டது எல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

இனி அவள் பட்டறைப் பக்கம் வரமாட்டாள், நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன். சனிக்கிழமை எதற்கும் எட்டிப் பார்த்தால், எனக்கு முதலே வந்து மெழுகுதிரி கொளுத்தி, தலையைக் குனிந்துகொண்டு பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டிருந்தாள். அதில் இருந்தேன்.

இன்றைக்கும் போகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நிற்பாட்டவும் தெரியவில்லை. நான் முடித்துப் பெட்டியில் வைக்கிற ஒவ்வொன்றுக்கும், எங்கோ ஒரு தாய் ஆறிப்போன தேத்தண்ணிக்கு முன்னால் இருந்து அதே கேள்வியைக் கேட்பாள். அவளுக்குப் பொய் சொல்லப் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டுமே என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பிரார்த்தனை.