கரையான் புற்றில் நாலு கோடு சிக்னல்

லுவீண்டோ ஹமாலம்போவை வேளாண்மை அலுவலராக நியமித்த அரசாங்கம், மோன்சே நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே, கஸேகாவில் அவளுக்கு ஓர் அலுவலகமும் கொடுத்திருந்தது. அதற்குக் கூரை உண்டு, மேசை உண்டு, உரம் இடும் முறையை விளக்கும் படம்கூடச் சுவரில் உண்டு. சிக்னல் மட்டும் கிடையாது. ஆகவே பன்னிரண்டு வருடச் சேவைக்குப் பிறகு, தன் நாற்பத்தொன்றாம் வயதில், அவள் அலுவலகத்தைப் பக்கத்திலிருந்த கரையான் புற்றின் உச்சிக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு ஆள் உயரப் புற்று. ஏறிக் குடை பிடித்து உட்கார்ந்தால் செல்பேசியில் நாலு கோடும் நிற்கும்.

அந்த வருடம் உர மானியப் பட்டியலைக் காகிதத்தில் எழுதக் கூடாதென்று தலைநகர் லுசாகாவில் முடிவு செய்துவிட்டார்கள். எல்லாருடைய வேலையையும் எளிதாக்கவாம். ஒவ்வொரு விவசாயியின் அடையாள அட்டையையும் செல்பேசியில் படம் பிடித்து, செயலியில் ஏற்றி, பச்சைச் சரிக்குறி வரும்வரை காத்திருக்க வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏறாத பெயருக்கு உர மூட்டை கிடையாது. உரம் இல்லாவிட்டால் அந்த மண்ணில் சோளம் முழங்கால் உயரத்தோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை பதினொரு பெயர் ஏறியது. மீதி நேரமெல்லாம் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புற்றடியில் வரிசையில் நின்ற சியாமசுக்கு என்ற கிழவர் அண்ணாந்து கேட்டார்.

"என்னம்மா, என் மூஞ்சி இன்னும் லுசாகா போய்ச் சேரலையா?"

"போய்க்கிட்டே இருக்கு தாத்தா."

"சைக்கிள்ல கொண்டுபோயிருந்தா இந்நேரம் மசாபுக்கா தாண்டியிருப்பேன்."

அன்று மாலையே அவள் செல்பேசி நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் பேசினாள். பேச்சு மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. எதிர்முனையில் தேன் குரலில் ஓர் இளைஞன்.

"மேடம், போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணினேன்."

"சிம்மைக் கழட்டித் துடைச்சுப் போட்டீங்களா?"

"பாவாடையில துடைச்சேன். அப்புறம் சர்ச்சுக்குப் போற பாவாடையிலயும் துடைச்சேன்."

"விமான மோடு போட்டு எடுத்தீங்களா?"

"விமானமும் பறந்து எறங்கிடுச்சு தம்பி. டேட்டா இருக்கு. மத்த செயலியெல்லாம் மூடியாச்சு. வேற போன்ல இந்த சிம்மைப் போட்டும் பாத்தாச்சு. அடுத்து என்ன?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. அவன் கையிலிருந்த காகிதத்தில் அதற்கு மேல் எழுதியிருக்கவில்லை போலும்.

"எங்க வரைபடத்துல உங்க ஏரியா கரும்பச்சையா இருக்கு மேடம். அங்க இணையம் ரொம்ப நல்லா வருது."

"அப்படியா? வந்தா எனக்கும் சொல்லி அனுப்புங்க."

வைத்த மறுநொடியே குறுஞ்செய்தி வந்தது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? அதில் ஒரு தாமதமும் இல்லை.

மாவட்ட அதிகாரி சிகாபேயிடமும் சொல்லிப் பார்த்தாள். "மத்த ஊர்லேருந்து ஒரு புகாரும் வரலையே, லுவீண்டோ" என்றார் அவர். புகார்ப் படிவம் இணையத்தில்தான் இருந்தது.

இனி யாரையும் கேட்டுப் பயனில்லை. பன்னிரண்டு வருடமாக மழையளவு குறித்த கை அது. இப்போது சிக்னலைக் குறிக்கத் தொடங்கியது. கோடுகளுக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் 4ஜி என்று காட்டியது. ஒன்பதரை மணிக்கு அது மறைந்து வெறும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வந்தது. கோடு குறையவில்லை, பேச்சு அறுபடவில்லை, இணையம் மட்டும் படுத்துவிட்டது. புதன்கிழமையும் அதே ஒன்பதரை. கோளாறு செல்பேசியில் இருந்தால் இப்படி மணி பார்த்து வராது. கடை திறக்கிற மனிதனுக்குத்தான் அப்படி ஒழுங்கு இருக்கும். வரிசையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துச் செல்பேசிக் கோபுரத்துக்குப் போனாள்.

கோபுரத்தின் காவலாளி ஹமூங்கா. அவன் குலமும் அவள் குலமும் கேலி முறை; எதிர்ப்பட்டால் திட்டாமல் போவதுதான் மரியாதைக் குறைவு.

"யாரு, உரத்துக்காரியா! உங்க குலத்துல சைக்கிள் வாங்க வக்கு ஏது? எவன்கிட்ட திருடினது?"

"உங்க ஆளுங்க மாதிரி கோபுரத்தையே திருட எனக்குத் திறமை பத்தாது மச்சான்."

சொன்ன பிறகுதான் அது கேலியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. வேலிக்கு அடியில் ஒரு ஒயர் புகுந்து வந்து, பக்கத்துக் குடிசைக்குள் போயிற்று. உள்ளே ஒரு பெரிய ஃப்ரீசர், ஒரு ஒலிபெருக்கி, முடிவெட்டும் இயந்திரம். தாய்ப்பன்றியிடம் பால் குடிக்கும் குட்டிகளைப் போல முப்பது செல்பேசிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று சியாமசுக்குவுடையது. ஃப்ரீசருக்குள் விற்பனைக்கு மீன், அதன் பக்கத்தில் சிப்வான்டு என்ற சோளப் பானம் ஜில்லென்று இருந்தது. ஹமூங்காவின் மனைவி, பிள்ளை பெயரால் ஊரார் சிபேகோவின் அம்மா என்று கூப்பிடுபவள், தினமும் அதைத்தான் புற்றடிக்கு எடுத்து வந்து விற்றாள். திங்கட்கிழமை வெயிலில் லுவீண்டோவே மூன்று குவளை குடித்து, அவளை வாழ்த்தியிருந்தாள். நினைத்ததும் காது சூடாயிற்று.

கோபுரத்துக்கு அளந்து வைத்த மின்சாரம் அது. அதில் ஃப்ரீசரும் பங்குக்கு வந்தால், கோபுரம் பேச்சை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வேகமான இணையத்தை அணைத்துவிடும்.

"ஒயரைக் கழட்டு."

"சும்மா வீணாப் போற கரண்டுதானே? கழட்டினா மீன் நாறிப்போகும்."

"பத்தே நிமிஷம் கழட்டு. நான் சொல்றது பொய்யின்னா உன் மீனைத் தலையில சுமந்து வித்துத் தரேன்."

அந்தப் பந்தயம் அவனுக்குப் பிடித்துவிட்டது. கழற்றினான். எட்டாவது நிமிஷம் அவள் கைப்பேசியில் 4ஜி வந்தது. தேங்கியிருந்த பெயர்கள் டிங், டிங் என்று ஒவ்வொன்றாக ஏறின. ஹமூங்கா வானத்தைப் பார்த்தான், எங்கேயோ மணி அடிக்கிறது என்பது மாதிரி.

"கம்பெனிக்குச் சொல்லிடுவியா?"

"சொன்னா எவன் நம்பப் போறான்? நூத்தி நாப்பத்தேழாவது பேரு யாரு தெரியுமா? நீதான். ரெண்டு நாளா உன் மூஞ்சியும் அந்த வட்டத்துக்குள்ளதான் சுத்திக்கிட்டிருக்கு."

 குடிசை வாசலில் சிப்வான்டு கிண்டிக்கொண்டிருந்த சிபேகோவின் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு ஏக்கர் சோளத்தை விட உனக்கு இந்தப் பெட்டி பெருசா?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு, மற்ற ஒயர்களையும் அவளே பிடுங்கினாள்.

அடுத்த இரண்டு நாளும் பெயர்கள் ஓடின. வரிசைக்கு அதில் பெரிய நன்றியுணர்ச்சி ஒன்றும் இல்லை. "இணையம் வந்துச்சு, ஜில்லுன்னு குடிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்று புலம்பினார் சியாமசுக்கு. போனில் சார்ஜ் இல்லாதவர்கள் அவளைத்தான் முறைத்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாவது சரிக்குறி விழுந்தது. காலெல்லாம் மரத்திருந்தது, தொடையில் எறும்புக் கடி. குடையை மடித்தாள், யாரும் பார்க்காதபோது கொஞ்சம் அழுதாள்.

நாலு மணிக்குத் துறையிலிருந்து செய்தி வந்தது. மற்ற மாவட்டங்கள் முடிக்காததால் கடைசி நாள் மூன்று வாரம் தள்ளிவைக்கப்படுகிறது.

அடுத்து சிகாபே பேசினார். "பிரமாதம்! செயலி எவ்வளவு சுலபம்னு நீயே நிரூபிச்சுட்ட. மத்தவங்களுக்கு வீடியோவுல பயிற்சி குடேன்."

"வீடியோ வேண்டாம் சார். வண்டி அனுப்புங்க. நேர்ல போறேன்."

வண்டி நவம்பர் மழையில் வந்தது. மூன்று ஊர்களுக்குப் போனாள். முதல் ஊரில் கோபுர ஜெனரேட்டரின் டீசலை யாரோ உறிஞ்சியிருந்தார்கள்; இரண்டாவதில் மூன்று பள்ளிக்கூடமும் ஒரு சந்தையும் ஒரே கோபுரத்தில் தொங்கின. மூன்றாவதில் கோபுரம் நன்றாக, உயரமாக, புது வர்ணத்தோடு நின்றது. உள்ளே கருவிகள் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லாததால், அந்த ஊர் அலுவலர் வீட்டில் சிமா என்ற சோளக் களியும் பூசணிக் கீரையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.