கைராசிக்காரி என்று எழுதி அனுப்பியவர்களுக்கு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்களும் அக்காவிடம் தையல் படித்தவர்களும் எழுதி அனுப்பிய செய்திகளை உட்கார்ந்து படித்தேன். ‘கைராசிக்காரி’, ‘தென்காசிக்கே தையல் சொல்லிக்கொடுத்த மகராசி’ என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு வரி குறைக்காமல் எல்லாவற்றையும் பின்பக்கங்களில் அச்சிட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் நான் எழுதுவதையும் படித்துவிடுங்கள். நான் காவல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும்.

அக்கா வாசுதேவநல்லூரில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்கு விவசாயம். என்னைப் படிக்கவைக்க வேண்டும் என்று அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதை ஒருநாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அத்தான்தான் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். இரண்டே வருடத்தில் அந்தப் பக்கத்துக் கல்யாணப் பெண்களின் முகூர்த்த ஜாக்கெட்டெல்லாம் அக்காவிடம் வந்தது. வெற்றிலை பாக்கு பழத்தோடு துணியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அத்தான் முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு பெண்ணின் தாயார் வந்தார். ஏற்கெனவே கொடுத்திருந்த முகூர்த்தத் துணியைத் திரும்பக் கேட்டார். இன்னும் வெட்டாத துணி. அக்கா எதுவும் கேட்காமல் மடித்துக் கொடுத்தார். அதன் பிறகு பள்ளிக்கூட யூனிஃபார்ம் வந்தது, நைட்டி வந்தது, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வந்தது. கல்யாணத் துணி மட்டும் வரவில்லை. தாலியறுத்தவர் கை அதில் படக்கூடாதாம்.

அக்கா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது அப்போதுதான். தாராள மனது என்று எழுதியிருக்கிறீர்கள். தாராள மனதுதான், மறுக்கவில்லை. ஆனால் செய்கிற வேலையை நீங்கள் பிடுங்கிக்கொண்டதால்தான் அவர் வாத்தியார் ஆனார். அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

மதியம் இரண்டு மணியானால் முன்னறையில் பத்துப் பெண்களாவது இருப்பார்கள். பக்கத்துத் தெரு முஸ்லிம் பெண்கள், ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே பாய்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அளவெடுத்து, பழைய செய்தித்தாளில் ஜாக்கெட் வெட்டி, அவள் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். “ஏட்டி, டேப்பை மட்டும் நம்பாத. அவ எப்படி உக்காருதா, எப்படிக் கையத் தூக்குதான்னு பாத்துட்டு வெட்டு” என்பார். ஜாக்கெட்டின் மார்புக் கப் வெட்டும்போது வேற்றாள் வந்தால் துணியைத் திருப்பிப் போடுகிற டெய்லர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்கா எதையும் ஒளிக்கவில்லை.

அவரிடம் படித்துவிட்டுப் போய் நீங்கள் முகூர்த்த ஜாக்கெட் தைத்தீர்கள். சந்தேகம் வந்தால் அதே துணியோடு அக்காவிடமே வந்தீர்கள். “துணிய நானே பிடிச்சுக்கிடுதேன்க்கா, நீங்க வாயால சொல்லுங்க” என்று அதை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்டதை என் காதால் கேட்டேன். அக்காவின் மூளை உங்களுக்கு ஆகும், விரல் ஆகாது. அந்த விரலுக்குத்தான் இப்போது கைராசி என்று பட்டம் கொடுக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

ஊரைத் திட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. என் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அக்கா என்னிடம் கேட்டார்: “ஏலே, புள்ளைக்கு ஜாக்கெட்டு நான் தச்சிரட்டா?” வாழ்க்கையில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். “வேண்டாங்க்கா, நாலு பேரு நாலு விதமா பேசுவாவ” என்றேன். திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையில் கொடுத்துத் தைத்தோம்.

குற்றாலத்தில் மண்டபம். ஆனி மாதம், வெளியே சாரல். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தால் ஊக்கு மாட்ட இரண்டு விரல் துணி போதவில்லை. மகள் அழத் தொடங்கினாள். சேலை கட்டிவிட வந்திருந்த இசக்கியம்மாள், அக்காவிடம் முதன்முதலில் படித்தவர், சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்ற அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மணமகள் அறை வாசலில் எங்கள் சித்தி மறித்தார்.

“நீ உள்ள வராத தாயி. அங்கனயே நின்னு சொல்லு. இசக்கி செய்யட்டும்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கதவைச் சாத்தினார்கள். அக்கா வெளியே நின்றபடி சொல்லிக்கொடுத்தார். “இசக்கி, சைடுல உள்ள ஒரு இஞ்ச் விட்டிருப்பாவ, பாரு. இருக்கா? ரெண்டு பக்கமும் பிரி. கைக்குழியத் தொடாத. ஓட்டுத்தையல் நிக்காது, பின்தையல் போடு. பதறாத, நேரம் கிடக்கு.” நேரம் கிடக்கவில்லை. மேளச் சத்தம் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மகள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மணமேடைக்குப் போனாள். அக்கா மறுபடி சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். வழக்கு எழுதினால் இதில் நான் சாட்சி அல்ல, முதல் குற்றவாளி.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகக் கோளாறில் அக்கா படுத்த படுக்கையானார். அப்போதும் பெண்கள் வெட்டிக் காட்டிய காகிதங்களைப் படுத்தபடியே திருத்தினார். ஒருநாள் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “விடுலே, புள்ள நல்லா இருக்கால்லா?” என்று முடித்துவிட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமலே போய்விட்டார். அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் அக்காவைக் குளிப்பாட்டி உடைமாற்றிய மாணவிகளுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பக்கத்துத் தெரு பாத்திமுத்து அம்மாவுக்குத் தனியாக நன்றி. தம் மகள் நிக்காஹ் ஜாக்கெட்டை அக்காவிடமே கொடுத்தார். யாரோ என்னவோ சொன்னபோது, “நல்லா தைக்கவ பக்கத்துலயே இருக்கும்போது என்னைய எங்க போயி அலையச் சொல்லுதிய?” என்று கேட்டவர் அவர். அத்தான் போன பிறகு அக்கா தைத்த ஒரே கல்யாண ஜாக்கெட் அதுதான்.

இசக்கியம்மாளுக்கு வெறும் நன்றி போதாது. அக்கா போன நாலாம் மாதம், செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவர் கணவர் இறந்தார். அதோடு இசக்கிக்கும் முகூர்த்தத் துணி வருவது நின்றுவிட்டது. ஆகும் என்று அன்றைக்கு நாம் உள்ளே விட்ட அதே கை, இன்றைக்கு ஆகாதாம்.

வரும் தை மாதம் என் இளைய மகளுக்குக் கல்யாணம். போன வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு, தட்டில் துணியை வைத்து இசக்கி வீட்டுக்குப் போனேன். அவர் தட்டைத் தொடவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தலைவலின்னாலும் என்னையத்தான் சொல்லுவாவ.”

“யாரு சொல்லுதான்னு பாக்கேன். நான் இருக்கேன்லா” என்றேன்.

“அன்னைக்கும் இருந்தியளே அண்ணாச்சி.”

அதற்குப் பதில் சொன்னது என் மகள். “இசக்கிக்கா, நீங்க தைக்கலன்னா நான் இந்தச் சுடிதாரோட போயி மணமேடைல உக்காந்திருவேன். அப்பா மானம் உங்க கையிலதான் இருக்கு.” இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தார்.

துணி வெட்டியாகிவிட்டது. முகூர்த்தத்தன்று மணமகள் அறைக்குள் நின்று என் மகளுக்கு அதைப் போட்டுவிடப் போவதும் இசக்கிதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகை வைக்கப் போகிறேன். வர மனமில்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், ஒரு பத்திரிகை மிச்சம்.

இப்படிக்கு,
தம்பி