ரம்பம் வெட்டிய ஒரு தட்டு

லுவான் யோங்செங்கை யாராவது "வாத்தியாரே" என்று கூப்பிட்டால் அவருக்கு வாயில் பித்தம் ஊறும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். ஆனால் பெய்ஜிங்கில் ஒரு இணையத் தொலைக்காட்சிக்காரர்களின் கூடத்தில் மூன்று நாளில் முந்நூறு தடவை அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு மரியாதைக்கு அந்த ஒரு வார்த்தைதான். பவுடர் பூசுகிற பெண் வாத்தியாரே என்றாள். சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டியவன் வாத்தியாரே என்றான். பாடவே தெரியாத பாடகனும் வாத்தியார், அவனுக்குக் குடை பிடிக்கிறவனும் வாத்தியார். இத்தனை வாத்தியார்கள் இருக்கிற இடத்தில் ஒருத்தனுக்கும் கிட்டார் ஒயரை முறுக்காமல் சுருட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஷென்யாங்கில் டியேஷி பகுதியில், பம்பு செய்கிற ஆலையில் தகடு அடிக்கிற மெஷினில் பதினேழு வயதில் நின்றவர் லுவான். அந்த ஆலையின் ஒலிபெருக்கியைக் கழற்றித்தான் தன் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தார். காலையில் உடற்பயிற்சிக்கு "ஒன்று இரண்டு மூன்று" என்று கத்திக்கொண்டிருந்த குழாய் அது. கிட்டார் கம்பிகளுக்கு அடியில் இருக்கிற காந்தச் சுருளுக்கு, பழைய மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி எடுத்துத் தானே சுற்றினார். கையால் எண்ணி எண்ணி ஏழாயிரம் சுற்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நகரத்தில் அப்படிச் செய்தவன் வேறு எவனும் கிடையாது. இருந்தால் முன்னால் வந்து நிற்கட்டும்.

பாட்டு கற்றுக்கொண்டது வெட்டுக் கேசட்டில். வெளிநாட்டில் விற்காமல் போன கேசட்டுகளை அங்கேயே ரம்பத்தால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, பிளாஸ்டிக் குப்பை என்று மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். அந்தக் குப்பை தெற்கே இறங்கி, ரயிலேறி, ஷென்யாங்கின் சைக்கிள் சந்தைக்குப் பின்னால் வந்து குவியும். லுவானின் வயதில் கிட்டார் பிடித்தவர்கள் எல்லோரும் அந்தக் குவியலில் கைவிட்டு வளர்ந்தவர்கள்தான். கேசட்டைத் திருகித் திறந்து, அறுந்த நாடாவை ஒட்டி, வேறு கூட்டில் போட்டுக் கேட்க வேண்டும். வெட்டு எங்கே விழுந்திருக்கிறதோ அங்கே கொஞ்சம் போயிருக்கும்.

தொண்ணூற்றிரண்டில் அவர் கைக்கு ஒரு கேசட் வந்தது. அட்டை கிடையாது, பெயர் கிடையாது. ஏதோ வெள்ளைக்காரக் குழு. அதில் ஒரு பாட்டின் நடுவே கிட்டார் மட்டும் தனியாக ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது சுற்றில் காலடியில் படி ஒன்று இல்லாத மாதிரி சட்டென்று முன்னால் விழுந்து, விழுந்த வேகத்திலேயே எழுந்து ஓடும். அதைக் கேட்டதும் லுவானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறு மாதம், ஷிப்டு முடிந்ததும் அதே வேலை. மற்ற சுற்றுகளில் தாளத்துக்கு எட்டுத் தட்டு, நாலாவதில் மட்டும் ஏழு. அந்த ஏழில் விழுந்து எழுவதை விரலுக்குப் பழக்கிவிட்டார்.

அது பாட்டில் இருந்த நெளிவு இல்லை, ரம்பம் தின்ற இரண்டு விரல் அகல நாடா என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த ஏழு தட்டைக் கொண்டுதான் அவர் குழு பேர் வாங்கியது. மேளக்காரன் சூ தாஹாய் அவரோடு ஒரே பட்டறையில் நின்றவன். பாடகன் ஃபூ சியாவ்தோங் ஆலை காண்டீனில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவன், குரல் மட்டும் ஆறு அடி. குழுவுக்கு 'மூன்றாம் ஷிப்டு' என்று பெயர். ஆலை ஆள்களை வீட்டுக்கு அனுப்பியபோது மூன்று பேரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். பெய்ஜிங் ஓரத்தில் ஒரு கிராமத்தில் அறை எடுத்து, நிலக்கரி உருண்டையும் நூடுல்ஸுமாக இரண்டு பனிக்காலம் கிடந்து, ஒரு இசைத்தட்டுப் போட்டார்கள். அதில் 'கொதிகலன்' என்ற பாட்டு வடகிழக்கு முழுக்க ஓடியது. அதன் நடுவில் லுவானின் தனி வாசிப்பு. நாலாவது சுற்றில் அந்த விழுகை. கூடத்தில் ஐந்நூறு பேர் நின்றால் ஐந்நூறு பேரும் அந்த இடத்தில் ஒன்றாக இடறி ஒருவர் முதுகில் ஒருவர் விழுவார்கள். அதற்காகவே வருவார்கள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு கல்லூரி மாணவன் அந்த வெள்ளைக்காரக் குழுவின் முழு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினான். வெட்டுப்படாதது. லுவான் காதைக் கொடுத்துக் கேட்டார். நாலாவது சுற்று வந்தது. எட்டுத் தட்டும் ஒழுங்காக வரிசையில் போய்விட்டன.

"திருப்பிப் போடு" என்றார்.

திரும்பவும் எட்டு. மாணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, நீங்க வாசிக்கிறது பாட்டு இல்லண்ணே, ரம்பம்."

லுவானுக்கு முகம் எரிந்தது. ஒரு வாரம் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு உட்கார்ந்து எட்டாகவும் வாசித்துப் பார்த்தார், ஏழாகவும் வாசித்துப் பார்த்தார். எட்டு, கல்யாணத்துக்குச் சலவை செய்த சட்டை மாதிரி இருந்தது. ஏழில்தான் ஆள் இருந்தான். வெள்ளைக்காரன் ஒரு தட்டு அதிகமாக வாசித்துவிட்டான், நம்ம ரம்பம் அதைத் திருத்திவிட்டது என்று முடிவுகட்டினார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் தலை குனிந்ததில்லை.

இருபது வருடம் கழித்து அந்த இணையத் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பழைய ராக் குழுக்களை ஒன்றோடொன்று மோத விடுகிற போட்டி. அதற்குள் ஃபூ சியாவ்தோங் கட்டடக்காரர்களின் திறப்பு விழாக்களில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தான். சூ வாடகைக் கார் ஓட்டினான். லுவான் மனைவி யாஜுவானின் கோழி எலும்பு வறுவல் கடையில் அடுப்படியில் நின்றார். இறைச்சி போன எலும்புக்கூட்டை மிளகாயும் சீரகமும் போட்டு வாட்டித் தருகிற கடை. டியேஷிக்காரனுக்கு அதுவும் பீரும் இருந்தால் போதும்.

போட்டியின் இசைப் பொறுப்பாளன் கோங் என்கிறவன். முப்பது வயது. இசைக் கல்லூரியில் படித்தவன். கையில் வாசனைக் களிம்பு தடவிக்கொண்டேதான் பேசுவான்.

"லுவான் வாத்தியாரே, 'கொதிகலன்' கேட்டேன். அருமை. ஆனா நாலாவது சுத்துல ஒரு தட்டு விழுந்துபோச்சு, கவனிச்சீங்களா?"

"விழல. அது அப்படித்தான்."

"எட்டு இருக்கணும், ஏழுதான் இருக்கு. கேக்கறவங்களுக்கு இடறும்."

"இடறத்தான் வர்றாங்க."

கோங் களிம்பை முழங்கை வரை தேய்த்தான். "நாங்க எட்டா மாத்தி ஒரு ட்ராக் பண்ணிட்டோம், வாத்தியாரே. என் மாணவன் வாசிச்சிருக்கான். ரொம்ப சுத்தமா வந்திருக்கு. நீங்க மேடையில கையை மட்டும் அசைச்சாப் போதும். ஒயர்கூட வேணாம், கால்ல மாட்டிக்கும்."

லுவான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நிற்கிறவன் வாய் கொப்பளித்த தண்ணீரை நம் குவளையில் துப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"ஒயர் இல்லாத கிட்டாரைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு என் மருமகன் துணிக்கடையில ஒரு பொம்மை நிக்குது. அதைக் கூட்டிட்டு வாங்க. சோறுகூடக் கேக்காது."

வெளியே வந்ததும் ஃபூ அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நம்ம வயசுக்கு இதுக்கு மேல யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒரு தட்டுதானே. விட்டுக்குடுங்க."

"ஒரு தட்டுதானேங்கிறவன் ஏன் அதைக் கேட்டு வாங்கறான்? அது அவன்கிட்ட இல்லாததால கேக்கறான்."

"அண்ணே, வீம்பு பேசாதீங்க."

"ஒயர் மாட்டி நேரடியா வாசிப்பேன், ஏழுதான் வாசிப்பேன். இல்லன்னா இன்னிக்கு ராத்திரி வண்டிக்கு நான் ஊருக்கு."

சூ தாஹாய் காலால் தரையைத் தட்டிக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரம் கழித்துக் கோங்கே வந்தான். முகத்தில் சிரிப்பு வழிந்தது. "நீங்க சொன்னதுதான் சரி, வாத்தியாரே. நேரடியாவே வாசிங்க. எல்லாரும் மரியாதையா பார்க்கிறாங்க உங்களை."

அன்று சாயங்காலம் லுவான் ஒயர் மாட்டி, சத்தம் திறந்து வாசித்தார். நாலாவது சுற்று வந்தது. சூவின் மேளம் கூடவே விழுந்தது. கூடத்தில் இருந்த பிள்ளைகள் பிறக்கும் முன்னாலேயே போட்ட பாட்டு அது. ஆனாலும் அத்தனை பேரும் இடறினார்கள். இடறிவிட்டு ஓவென்று கத்தினார்கள். லுவான் வியர்வையோடு இறங்கி வந்து கோங்கின் தோளில் ஒரு தட்டு தட்டினார். "பார்த்தியா தம்பி. கல்லூரியில இதுக்குப் பாடம் கிடையாது."

"கிடையாது, வாத்தியாரே" என்றான் கோங்.

மறுநாள் லுவான் ஊருக்குக் கிளம்பினார். தங்களைப் பேட்டி எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லி ஃபூவும் சூவும் இரண்டு நாள் தங்கினார்கள். ஊரில் லுவான் கடைக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கதை சொன்னார். கோங்கை எப்படி மண்டியிட வைத்தார் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

ஒளிபரப்பான சனிக்கிழமை சாயங்காலம் கடை நிரம்பி வழிந்தது. யாஜுவான் சுவரில் டிவியைச் சத்தமாக வைத்தாள். 'மூன்றாம் ஷிப்டு' மேடையேறியது. ஃபூ பாடினான். தனி வாசிப்பு தொடங்கியது. லுவான் பீர்ப் புட்டியைக் கீழே வைத்தார்.

திரையில் லுவானின் முகம் வந்தது. பிறகு கை மட்டும் பெரிதாக வந்தது. வெள்ளைவெளேரென்று, மெல்லிசாக, நகம் வெட்டி மெருகு போட்ட கை. மெஷினில் நின்றவன் கை இல்லை. நாலாவது சுற்று வந்தது. எட்டுத் தட்டு. அதற்கு மேல் கூட்டம் இடறுகிற காட்சியை வேறு ஒட்டியிருந்தார்கள். எதற்கு இடறுகிறார்கள் என்றே தெரியாமல் ஐந்நூறு பிள்ளைகள் திரையில் தடுமாறினார்கள்.

கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரன் எலும்பைச் சப்பிக்கொண்டே, "லுவான் அண்ணே, கை இன்னும் இளமையா இருக்கு உங்களுக்கு. என்ன தடவறீங்க?" என்றான்.

லுவான் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் காறித் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு சூவைக் கூப்பிட்டார்.

"நான் கிளம்பினப்புறம் மேளத்தைத் திருப்பி வாசிச்சியா?"

போனில் சூ காரை ஓரம்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"உன்னைத்தான்டா கேக்கிறேன். எட்டா வாசிச்சியா?"

"வாசிச்சேண்ணே." சூவின் குரல் இறங்கியிருந்தது. "ஃபூவும் திருப்பிப் பாடினான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு கோங் சொன்னான். வருத்தப்படுவீங்களாம்."

"இருபத்தஞ்சு வருஷம் என்கூட அந்த இடத்துல விழுந்தவன் நீ. கால் ஒப்புச்சா உனக்கு?"

"ஒப்பல. மூணு தடவை தப்பா ஏழுல விழுந்தேன். அவனுங்க சிரிச்சானுங்க. நாலாவது தடவை கம்ப்யூட்டர்ல நிரப்பிக்கிறோம்னுட்டானுங்க."

லுவான் போனை வைத்துவிட்டார்.

போட்டியில் குழு அடுத்த சுற்றுக்குப் போனது. நாடு முழுக்கக் கச்சேரி என்று ஒரு ஒப்பந்தக் காகிதம் வந்தது. 'கொதிகலனை' ஒளிபரப்பில் வந்தபடியே வாசிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. ஃபூ போனில் கூப்பிட்டுக் கெஞ்சினான். பிறகு திட்டினான். பிறகு அழுதான். யாஜுவான் காகிதத்தை எண்ணெய்க் கையால் பிடித்துப் படித்தாள்.

"கையெழுத்தைப் போட்டுத் தொலைக்கலாமே" என்றாள். "வருஷம் பூரா இந்தப் புகையிலதான் நிக்கணுமா?"

"அந்த வெள்ளைக் கைக்காரனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. முகத்துக்கு மட்டும் என்னை எதுக்கு? முகமூடி வித்தா வாங்கிக்கட்டும்."

"உங்க பேருதான் பாட்டுல இருக்கு."

"பேரை வெச்சிக்கட்டும். அந்த ஏழு தட்டை நான் வெச்சிக்கிறேன்."

அவள் காகிதத்தை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, வெட்டிய வெங்காயத்தை அவர் பக்கம் தள்ளினாள். கையெழுத்து இல்லாமலேயே அந்தக் காகிதம் எண்ணெய் ஊறிக் கிடந்தது. குழு வெள்ளைக் கைக்காரனோடு ஊர் ஊராகப் போனது.

இப்போது லுவான் வாரத்துக்கு இரண்டு நாள், குடோங் தெருவில் பெரிய குளியல் கூடம் ஒன்றில் வாசிக்கிறார். முதுகு தேய்த்துக் குளித்துவிட்டு, கூடத்தின் பருத்தி அங்கியோடு மேல்மாடியில் படுத்து முலாம்பழம் தின்கிறவர்களுக்கு நடுவே ஒரு சின்ன மேடை. ஆம்ப்ளிஃபையர் அவருடையது. மேளத்துக்கு, அந்தக் கூடத்தில் கொதிகலன் பார்க்கிற ஆள் ஒருவனுக்கு ஏழில் விழக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் பிடித்தது.

போன மாதம் அங்கி போட்ட ஒரு தடியன் கையைத் தூக்கினான். "மாஸ்டர், தப்பா வாசிக்கிறீங்க. நடுவுல ஒண்ணு குறையுது. டிவியில சரியா வந்துச்சே."

"டிவியில வந்தது என் கை இல்ல."

"யார் கையா இருந்தா என்ன, பாட்டு ஒண்ணுதானே. சரியா வாசிங்க. காசு குடுத்திருக்கோம்ல."

லுவான் அவனை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த தலை, சிவந்த முதுகு, வாயோரம் பழச்சாறு.

"குளிக்கத்தானே காசு குடுத்தே. போய் இன்னொரு தடவை குளி."

சுற்றிலும் படுத்திருந்த கிழவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பம்பு ஆலைக்காரர்கள். லுவான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். நாலாவது சுற்று வந்தது. தடியன் தட்டிலிருந்து பழத்துண்டு எடுக்கக் கை நீட்டியிருந்தான். அவனை அறியாமல் தலை முன்னால் ஒரு வெட்டு வெட்டியது, பழம் அங்கியில் விழுந்தது. அவன் அதைத் துடைத்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தான். லுவான் அவன் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாவது சுற்றில் அவருக்கு வேலை இருந்தது.