வேலிக்கு அந்தப் பக்கத்துப் பரங்கிக்காய்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பாதி மறந்தும் போகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கனடாவில் அக்டோபர் வந்தால் வாசற்படியெல்லாம் பரங்கிக்காய். கண்ணும் பல்லும் வெட்டி உட்கார வைக்கிறார்கள், யாரும் சமைப்பதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வாசலில் ஒன்று முழுசாக இருந்தது. ஆசையாகத் தடவி, "குட்... குழம்பு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கத்தியைக் கொண்டுவந்து, முகம் வெட்டச் சொல்லிக் கையில் கொடுத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஒரு பரங்கிக்காயைக் கீறி நான் பட்டது போதும்.

அறுபதுகளில் நாங்கள் கவரைப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரம் இருந்தோம். நைனாவுக்கு லைனில் கேங்மேன் வேலை. அறுப்பின் பண்டிகைக்கு, கொடியில் காய்த்த முதல் காயைச் சபையில் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிஞ்சிலேயே நைனா முள்ளால் அதில் ஒரு சிலுவை கீறிவிடுவார். காய் பெரிதாகப் பெரிதாகத் தழும்பும் கூடவே வளரும். அம்மா தவறியும் அதைக் குழம்புக்கு அறுக்க மாட்டாள். அந்த வருஷம் எங்கள் பிஞ்சு வெம்பி விழுந்தது. நைனா வெறுங்கையோடு சபைக்குப் போவாரே என்று எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ரத்னம்மா அத்தையின் கொடியில் ஒரு பிஞ்சு தொங்கியது. வேலிச் சந்தில் கையை விட்டு அதில் சிலுவை கீறிவிட்டேன். அதைப் பார்த்தால் அத்தை தானே கொடுத்துவிடுவாள் என்று பத்து வயது புத்தி.

காய் முற்றியதும் அத்தை வேலியருகே வந்து கத்தினாள்.

"இன்னா அண்ணே, உங்க சாமி வேலி தாண்டி வந்து கையெழுத்து போட்டுக்கினு போவுதா? கேட்டா குட்த்திருக்க மாட்டனா?"

நைனா முகம் கறுத்தது. "என் கை இல்ல தங்கச்சி. ஆனா என் ஊட்டுக் கைதான்."

"நல்லா கீது கத!" என்று அவள் போய்விட்டாள்.

உள்ளே வந்ததும் முதுகைக் காட்டி நின்றேன். தப்புக்கு இரண்டு அடி என்பது வீட்டுச் சட்டம். வேப்பங்குச்சி கூரையில் செருகியிருக்கும். நைனா அதை எடுக்கவில்லை. கீழே உட்கார்ந்து என்னைத் தன் பக்கம் திருப்பினார்.

"அட்ச்சா உனுக்கு வலி ரெண்டு நாள்ல பூடும். அத்த மனசுல கீற சந்தேகம் பூடாது. நீயே போயி சொல்லு கண்ணு."

"பயமா கீது நைனா."

"எனுக்குந்தான். நான் வேலியாண்ட நிக்கிறேன். திரும்பிப் பாத்தா தெரிவேன்."

கர்த்தர் தாம் நேசிக்கிற பிள்ளையைத்தான் திருத்துவார் என்று சபையில் கேட்டிருந்தேன். திருத்துகிறவர் கூடவே வந்து நிற்பார் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் பத்தடி தூரத்தில் மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன். மூன்று தரமும் காக்கிச் சட்டையில் நின்றார்.

"நான்தான் கீறினேன் அத்தே," என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அத்தை முறைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடி பேஜாரு புட்ச்சவளே! அதான் சிலுவ கோணிக்கினு கீது! அண்ணே, உன்னப் போயி தப்பா நெனச்சிட்டேனே!"

பண்டிகையன்று நெற்றி நிறையக் குங்குமத்தோடு, காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளே சபைக்கு வந்தாள். "கோண சிலுவய எங்க வெக்கணும் ஐயா?" என்றாள். பாதிரியாரே சிரித்துவிட்டார். நைனாவால் அன்றைக்குப் பாட்டே பாட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

இங்கே ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கிலீஷில் ஜெபிக்கும்போது, என் வாய் ஒரு மூச்சு பின்தங்கித் தமிழில் "பிதாவே" என்று சொல்லும். சொன்னதும் என்னை அறியாமல் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் தலை குனிந்திருப்பார்கள். மகள், "முன்னாடி பாரும்மா," என்பாள்.

அத்தை பெயர் ரத்னம்மாவா, ரங்கம்மாவா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவள் பிள்ளைகள் எளாவூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. யாராவது விசாரித்து, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.