சவரிராஜ் பின்னிய வசந்தகாலச் சால்வை

சவரிராஜுக்கு வாய் முந்திக்கொள்ளும். யோசனை பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவரும். கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவரைக் கையில் லேஸ் பின்னும் குரோஷா ஊசி எடுக்க வைத்ததும் அந்த வாய்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் சிங்கப்பூரில் சுயாட்சிப் பேச்சு சூடுபிடித்தது. அதே சமயத்தில் கம்பெனித் துரைக்குச் சீமையிலிருக்கும் தன் தாயாரின் உடல்நிலை திடீரென்று நினைவுக்கு வந்தது. வழியனுப்பு விருந்தில் துரைசாணி சொன்னாள், "நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே வசந்தகாலம். மாலையில் தோளுக்கு மெல்லிய லேஸ் சால்வை இருந்தால் நன்றாயிருக்கும்."

வெயில், மழை தவிர வேறு பருவம் கண்டிராத சவரிராஜ், "வசந்தம் ரொம்பக் கஷ்டம், மேடம்" என்று ஆமோதித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் மனைவி லேஸ் பின்னுவதில் கெட்டிக்காரி. நாங்களே ஒன்று தருகிறோம்" என்றார்.

மனைவி ரூபி பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். வேலை முடிந்து வந்து, வீங்கிய காலை வெந்நீரில் வைத்தபடி விஷயத்தைக் கேட்டாள்.

"எனக்குத் தையல் போடத் தெரியும்லா. ஆனா அது மனுஷங்க மேல."

"வார்த்தை குடுத்துட்டேனே, ரூபி."

"குடுத்தவரே பின்னட்டும்."

ரூபியின் தங்கை பெட்டி, கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சர். அவளிடம் ஓடினார். "எனக்கு நேரமில்ல அத்தான். சொல்லித் தரேன், கை உங்களோடது" என்றாள் அவள்.

முதலில் வந்ததைப் பார்த்து, "மீன் பிடிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் பெட்டி. பெட்டி சொன்ன சங்கிலிக் கண்ணிகளை வாய்விட்டு எண்ணியபடி பின்னினார், பிரித்தார், மறுபடி பின்னினார். வியர்வை பட்டு வெள்ளை நூல் பழுப்பானது. உள்ளங்கையில் டால்கம் பவுடர் பூசிக்கொண்டார். யாராவது பார்த்துவிட்டால் என்னாவது என்று சந்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் திரையும் போட்டார். உள்ளே அடுப்பாக வெந்தது. அந்த வேக்காட்டில் உட்கார்ந்து சீமையின் குளிருக்கு வழிசெய்தார். விரல் பழகப் பழக, கை மட்டும் ஆபீசிலும் ஊசியைத் தேடியது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழகப்பன் குடியிருந்தார். சிராங்கூன் சாலை வாசகசாலையின் செயலாளர். மேடையில் புரட்சி பேசுவார், மழை வந்தால் முதலில் இறங்குவார். ஊரெங்கும் வேலைநிறுத்தமும் ஊரடங்குமாக இருந்த அந்த நாட்களில், தடுப்பு வழியே அவர் காதில் விழுந்தது இதுதான்: "சங்கிலி... சங்கிலி... தாண்டு... பழைய சங்கிலியை அவிழ்த்துடு."

அழகப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் ஜமால் முகம்மதின் தேநீர்க் கடையில் சவரிராஜ் நுழைந்ததும் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அழகப்பன் காதருகே குனிந்தார்.

"அண்ணே, வேலை எப்படிப் போவுது?"

பெட்டிதான் உளறிவிட்டாள் என்று நினைத்து, "பாதி ஆச்சு" என்றார் சவரிராஜ்.

"எப்ப முடியும்?"

"துரை கப்பல் ஏறுறதுக்குள்ள முடிச்சாகணும்."

அழகப்பன் முகம் வெளுத்தது. "எத்தனை பேர் இருக்கீங்க?"

தன்னைப் புரட்சிக்காரனாக்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் சவரிராஜுக்கு விளங்கியது. மறுத்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் அவருக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "அதெல்லாம் சொல்லக்கூடாது" என்றார்.

இரகசியம் என்பதால் சந்து முழுக்கப் பரவியது. ஒரு சாயங்காலம், சாதாரண உடுப்பில் முத்துசாமி என்ற போலீஸ் அதிகாரி கதவைத் தட்டினார்.

"ஜன்னலைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்க?"

சவரிராஜின் வாய் அன்றைக்கென்று பார்த்து ஒட்டிக்கொண்டது. ரூபி மெத்தைக்கு அடியிலிருந்து சால்வையை உருவிப் போட்டாள். "இதைத்தான் பண்றாரு."

"இவரா? எங்க, பண்ணிக் காட்டட்டும்."

வெளிச்சம் போதவில்லை என்று முத்துசாமியே திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தார். வெளியே அழகப்பன் முதல் ஜமால் முகம்மது வரை நின்றார்கள். சவரிராஜ் ஊசியை எடுத்தார். ஒரு பூ கோணிப்போனது. அடுத்த பூ நேராக விழுந்தது. அதற்கடுத்த பூவில் அதிகாரி நிற்பதே அவருக்கு மறந்துபோனது. முத்துசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். புறப்படும்போது, "நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாற்றத்தோடு சொன்னார்.

கடையில் அதன்பின் யாரும் எழுந்திருக்கவில்லை. "உங்களைப் பத்தி என்னென்னமோ நெனச்சோம் அண்ணே" என்றார் அழகப்பன், புரட்சியையே சவரிராஜ் காட்டிக்கொடுத்துவிட்டதைப் போல.

துறைமுகத்தில் துரைசாணி சால்வையை விரித்துப் பார்த்து உருகினாள். "உங்கள் மனைவிக்குத் தேவதையின் விரல்கள்!"

பக்கத்தில் நின்ற ரூபி, ஆஸ்பத்திரி மருந்தில் வெடித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். சவரிராஜ் தலையாட்டினால் கதை முடிந்தது. ஆனால் சந்துக்கே தெரிந்துபோன பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

"நான் பின்னினது, மேடம்" என்றார்.

துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தாள். "ராஜுக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டா!" என்றபடி, உச்சி வெயிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கப்பலேறினாள். பொய் சொன்னபோது வராத கோபம் அன்று சவரிராஜுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் புது நூற்கண்டைப் பிரித்தார்.

சில வருஷங்களில் மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பெண் குழந்தைகளின் முக்காடெல்லாம் அவர் கைவேலை என்றானது. தாய்மார்கள் அவரைத் தேடி வந்தார்கள். துரைகளுக்குப் பதிலாகத் தலைவர்கள் வந்த காலம் அது. சமூக மன்றக் குழுவில் இடம் பிடித்துவிட்ட அழகப்பனும் ஒருநாள் வந்து நின்றார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை தலைவர் வர்றாரு. ஒரு சால்வை போட்டாகணும்."

"கையில ரெண்டு முக்காடு இருக்கு."

"தலைவருக்கு அண்ணே!"

"அவரு எப்ப வேணா வருவாருலா. பிள்ளைங்களுக்குப் புதுநன்மை ஒரு தடவைதான்" என்றார் சவரிராஜ். அவசரமென்றால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒரு ஊசியை அழகப்பன் பக்கம் நீட்டினார்.