பேயாண்டி மாமாவின் பிடியிலிருந்து தப்பியவன்

அழகுபாண்டிக்கு வலது காதில் ஓட்டை உண்டு, இடது காதில் கிடையாது. ஆரப்பாளையத்தில் அவன் வைத்திருக்கும் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு வரும் காலேஜ் பையன்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வார்கள். அவனும் மறுத்ததில்லை. நாற்பத்தைந்து வயதில், தொப்பையும் வழுக்கையுமாக இருக்கிற ஒருவனை நாலு பேர் ஸ்டைல் என்று நினைத்தால் அதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஆனால் வயதில் மூத்தவர்கள் யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போடுவான். பிறந்ததிலிருந்து அவன் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் குறைந்தால்தான் அவனைச் சேர்ப்பார்கள், சேர்த்த பிறகு ஆள் குறைவாகவே ஆடியிருக்கலாம் என்று வருத்தப்படுவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய், கூட்டத்தில் மயங்கி விழுந்து, முதலுதவிக் கொட்டகையை மட்டும் தரிசித்துவிட்டு வந்தவன் அவன். அப்பேர்ப்பட்டவன் ஏழு வயதில் பேயாண்டி மாமாவின் பிடியிலிருந்து தப்பியிருக்கிறான் என்றால் சும்மாவா?

பேயாண்டி அவனுக்குத் தாய்மாமன், அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. கீழக்குயில்குடிக்காரர். ஜல்லிக்கட்டில் அவர் திமிலைக் கட்டிக்கொண்டால் எல்லைக்கோடு தாண்டும்வரை மாடும் அவரும் ஒன்றுதான். உதறினாலும் சுற்றினாலும் கையை விடமாட்டார். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை ஒற்றைக் கையால் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர். சனிக்கிழமை ஆனால் சைக்கிளில் வந்து நிற்பார். அழகுபாண்டியை முன்னால் பாரில் உட்கார வைத்து, பருத்திப்பால் வாங்கிக் கொடுக்க டவுனுக்குக் கூட்டிப்போவார். "மாப்ள, ஹேண்டில்பார நீ பிடி, நான் சும்மா மிதிக்கேன்" என்பார். மதுரை டிராஃபிக்கைத் தான்தான் சமாளிக்கிறோம் என்று அழகுபாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான்.

காதுகுத்து அழகர்கோவிலில் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த உரிமை வேறு யாருக்கும் கிடையாது. மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசி, கழுத்தில் மாலையோடு அவனை மாமா மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதைக் குத்தினார். அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் கலைந்து ஓடின. ஆசாரி இடது பக்கம் வருவதற்குள் அவன் ஒரு துள்ளு துள்ளி, ஒரு நெளி நெளிந்து, மாமாவின் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு பாய்ந்துவிட்டான். சமையல் நடந்த இடத்தில், அண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். கண்டுபிடித்து வந்தவர் மாமாதான். திட்டவில்லை. இலைத்துண்டில் ஆட்டு ஈரலைச் சுடச்சுட வைத்து நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏண்டா, நாளைக்கு இன்னொரு காதக் குத்தலாமா?" என்று அம்மா கேட்டால் அன்றைக்கே அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கடைசியில் மாமாதான் முடித்துவைத்தார். "விடுக்கா. ஒரு காது சாமிக்கு, ஒரு காது அவனுக்கு."

அன்றிலிருந்து ஊருக்குக் கிடைத்தது வாய்க்கு அவல். மாமா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எதையாவது தூக்கக் குனிந்தாலும், "பாத்துப் பிடி பேயாண்டி, அக்கா மகனாட்டம் வழுக்கிறப் போகுது" என்று எவனாவது சொல்வான். மாட்டைப் பிடித்தவனுக்கு மருமகனைப் பிடிக்க வரவில்லை என்று வாடிவாசல் மைக்கிலேயே ஒருவன் சொன்னான். மாமா மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். "அவன் சாதாரணப் பயலா? என்னா வேகம்கிறீய!" என்று அவரும் எடுத்துக்கொடுப்பார். அழகுபாண்டிக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கும்.

பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இதைத்தான் சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு, பெண்ணான அன்னக்கொடி கேட்டது ஒரே கேள்வி: "காது குத்தப் பயந்து ஓடுனேங்கிறத இப்பிடியும் சொல்லலாமா?" ஆனாலும் கட்டிக்கொண்டாள். அது அவளுடைய வீரச்செயல்.

மாமா போன வருடம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் அழகுபாண்டியே தாய்மாமனாக மடி கொடுக்க வேண்டிய நாள் வந்தது. தங்கை நாகஜோதியின் மகன் சூரியபிரகாஷுக்கு ஐந்து வயது. காதுகுத்து அதே அழகர்கோவிலில்.

"அண்ணே, ரத்தத்தப் பாத்து நீ மயங்கி விழுந்துட்டா, அம்புட்டு சனத்துக்கு முன்னால என் மானம் போயிரும்" என்றாள் நாகஜோதி. "முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. சித்தப்பா மகன் முத்துப்பாண்டி மடியில வச்சிருதேன்."

கூடப் பிறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது முத்துப்பாண்டி மடியா? அந்த மடி போனால் அப்புறம் தாய்மாமன் என்று எந்த முகத்தோடு சீர்த்தட்டு தூக்குவது? "நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அந்த வாரம் முழுக்க, ரிப்பேருக்கு வந்த கிரைண்டர் கல்லைக் கடையில் மடிமேல் வைத்து இறுக்கிப் பிடித்துப் பழகினான். சாப்பாடு கொண்டுவந்த அன்னக்கொடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கல்லு அழுவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

காதுகுத்தன்று பையன் சந்தன மொட்டையோடு மடியில் வந்து உட்கார்ந்தான். ஆசாரி வலது காதைத் தொட்டதும் அழகுபாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான். வீறிட்ட சத்தம் கேட்டது. பையன் துள்ளினான், நெளிந்தான், காலால் உதைத்தான். "விடு மாமா, விடு மாமா!" என்று கத்தினான். அழகுபாண்டி பிடித்திருந்தான். பிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியம். கிரைண்டர் கல்லைவிட லேசாக இருந்தான் பையன். மேல்மூடி இறுகிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அன்னக்கொடியைக் கூப்பிடுகிற கை அவனுடையது. அந்தக் கைக்கே ஒரு பிள்ளை அசையாமல் அடங்கியிருந்தது. அதன் நெஞ்சு மட்டும் அவன் உள்ளங்கைக்குக் கீழே படபடவென்று அடித்தது.

ஆசாரி இடது பக்கம் வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அவனுக்குப் புரிந்தது. இந்தக் கையே இப்படிப் பிடிக்கும் என்றால், காளையைப் பிடித்த கை?

தப்பவில்லை அவன். மாமா விட்டிருக்கிறார்.

"விடு மாமா" என்று பையன் மறுபடி கெஞ்சினான். விட்டால் என்ன ஆகும் என்று அழகுபாண்டிக்குத் தெரிந்தது. ஊர் சிரிக்கும், தங்கை முகம் கொடுத்துப் பேசமாட்டாள், முத்துப்பாண்டி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். இடது காதும் முடிந்தது.

ஒரே பாராட்டு. முத்துப்பாண்டியே வந்து கையைக் குலுக்கினான். நாகஜோதிக்கு வாயெல்லாம் பல். கூட்டத்தில் ஒருவர், "பேயாண்டிக்கு வராத பிடி உனக்கு வந்திருச்சேப்பா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவின் மனைவி முத்துத்தாய் அத்தை சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் வழக்கம்போல லேசாகச் சிரித்து வைத்தாள்.

அழகுபாண்டியால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. இதுவரை மாமாவை நினைத்து எத்தனை பேர் சிரிப்பதற்கு அவனே ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறான்! "இல்லண்ணே" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் ஒண்ணும் தப்பிச்சு ஓடல. மாமாதான் கைய விட்டிருக்காரு. எனக்கே இப்பத்தான் தெரியுது."

அவன் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்து எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பந்திக்கு நகர்ந்தார்கள். அவன் அத்தையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"நெசமாத்தான் அத்தை. அவரு விட்டுட்டாரு."

"தெரியும்ப்பா" என்றாள் அத்தை. "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டாரு. 'பயலுக்கு நெஞ்சு அடிக்கிறது என் கையில தெரிஞ்சுச்சு, பிடிக்க மனசு வரல'ன்னாரு."

"அப்ப ஊரே கேலி பண்ணுச்சே, ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல?"

"நான் கேக்காமயா இருந்தேன்? சண்டையே போட்டேன். 'எனக்குப் பேரு வாங்க எம்புட்டோ மாடு கெடக்கு. அந்தப் பயலுக்கு வெளிய சொல்லிக்கிட இது ஒண்ணுதாண்டி இருக்கு. வாயத் தொறக்காத'ன்னுட்டாரு."

அழகுபாண்டிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தனக்கு ஏழு வயதாகும்போதே தன்னை இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாரே மனுஷன் என்று நினைத்தான். அதற்குப் பிறகு வெளியே சொல்லிக்கொள்ள இன்னொரு வீரச்செயல்கூடச் சேரவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணி அழுகையாகிவிட்டது. இப்படிப்பட்டவன் என்று தெரிந்தும் அவர் இவ்வளவு ஆசை வைத்திருந்ததை அவனால் தாங்க முடியவில்லை.

பந்தியில் இலை போட்டாகிவிட்டது, தாய்மாமன் வந்து உட்காராமல் யாரும் கை நனைக்க முடியாது என்று நாகஜோதி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.