இருபது மோல் கணக்குகள்

பிளஸ் ஒன்னில் என்னைத் திருமங்கலம் தாண்டி, நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். இங்கே எல்லாமே ஆங்கிலம். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் இரண்டு முதல் நான்கு வரை பெற்றோர் வந்து பார்க்கலாம். முதல் மாதம், அந்த ஞாயிறன்றும் வகுப்பு வைத்த கெமிஸ்ட்ரி மிஸ் சொல்லிவிட்டார்: இருபது மோல் கணக்கையும் சரியாகப் போட்டுக் காட்டினால்தான் வகுப்பை விட்டு வெளியே போகலாம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்காகவே அந்த மாதத்தைத் தள்ளியிருந்தேன்.

இரண்டேகாலுக்கு ஜன்னல் வழியே அம்மாவைப் பார்த்துவிட்டேன். விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கேட்டருகே சிமென்ட் பெஞ்சில் மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது கணக்கு சரியாகிவிட்டது. கடைசிக் கணக்கில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 250 மில்லிலிட்டர். எத்தனை கிராம் போட வேண்டும்? எனக்கு ஆயிரம் வந்தது. மிஸ் சிவப்பு மையால் அடித்துவிட்டார். திரும்பப் போட்டேன். அதே ஆயிரம். மூன்றாம் முறை நோட்டை நீட்டியபோது, "செக் யுவர் யூனிட்ஸ்" என்றார். எந்த யூனிட் என்று கேட்க எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. வகுப்பு காலியாகிக்கொண்டே வந்தது.

தன் கணக்குகளை முடித்துவிட்டுக் கிளம்பிய பக்கத்துப் பெண்தான் குனிந்து கிசுகிசுத்தாள்: "ஏட்டி, கால் லிட்டர் தண்ணில ஒரு கிலோவ எப்படிக் கரைப்ப? மில்லிலிட்டர லிட்டரா மாத்து."

விடை ஒரு கிராம். ஓடினேன். மணி மூன்றே முக்கால்.

"எங்கத்தா போன இம்புட்டு நேரம்?"

"கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாவிடம் திரும்பி, "பாத்தீகளாக்கா? பெத்தவ வந்து உக்காந்திருக்கேன், எம்புள்ள எந்திரிக்காமப் படிச்சிருக்கு" என்றாள். அந்த அம்மாவும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

தூக்குவாளியில் கோழிக்குழம்பும் சோறும் ஆறிப் போயிருந்தன. அவசர அவசரமாக விழுங்கினேன்.

"இங்க பிடிச்சிருக்குல்ல?"

"ம்."

மணி அடித்தது. "அடுத்த மாசம் வாரேன்" என்று அம்மா சாலைக்கு இறங்கினாள். காவலாளி கேட்டைச் சாத்தினார். இரண்டு வருடமும் அங்கேதான் படித்தேன்.